தாளிக்காத குழம்பும் பிளேக் மாரியம்மனும்

நேயர்களுக்கு வணக்கம். மருத்துவம், உணவு, நாட்டார் சமயம் என்று மூன்றின் வரலாற்றையும் ஒரே ஆள் ஏன் படிக்க வேண்டும் என்று மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. கொங்கு நாட்டில் ஆய்வு செய்கிறவருக்கு வேறு வழியே இல்லை.

அம்மை போட்ட வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வாசலில் வேப்பிலை செருகியிருக்கும். வெளியாள் உள்ளே வரமாட்டார். அடுப்பில் எண்ணெய் காயாது, குழம்புக்குத் தாளிப்பு கிடையாது. படுத்திருப்பவருக்கு இளநீர், மோர், கம்மங்கூழ். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் வீடு பழையபடி ஆகும். இதில் எது வைத்தியம், எது சமையல், எது சாமி காரியம்? அந்த வீட்டுப் பெண்கள் அப்படிப் பிரித்துப் பார்த்ததில்லை. ஆகவே, இதை மூடநம்பிக்கை என்று தள்ளுவதும் சரி, அந்தக் காலத்து விஞ்ஞானம் என்று கொண்டாடுவதும் சரி, எனக்கு உடன்பாடில்லை. யார் செய்தார்கள், யாருக்காகச் செய்தார்கள், அந்த வீட்டில் அன்று உண்ண என்ன இருந்தது என்று முதலில் கேட்க வேண்டும்.

1896இல் பம்பாயில் தலைகாட்டிய பிளேக், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவையையும் திரும்பத் திரும்பத் தாக்கியது. நுண்ணுயிரியல் அறிஞர் ஹாஃப்கின் 1897லேயே பம்பாயில் தடுப்பூசி தயாரித்துவிட்டார். இங்கே ஊசியும் வந்தது, அந்த நோயிலிருந்து காக்க வேண்டி மக்கள் கும்பிட்ட பிளேக் மாரியம்மனும் வந்தாள். ஊசியைப் பற்றி அறிய எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கோப்புகளைப் புரட்டலாம். அம்மனைப் பற்றி அறியக் கோவில் வாசலில்தான் உட்கார வேண்டும். 2021இல் இருகூரில் கொரோனா தேவிக்குச் சிலை வைத்ததை வேடிக்கைச் செய்தியாகவே பலர் பார்த்தார்கள். எனக்கு அது பிளேக் மாரியம்மன் கதையின் அடுத்த அத்தியாயம்.

பஞ்சத்தையும் சொல்ல வேண்டும். 1876-78 பஞ்சம் கோவை, சேலம் மாவட்டங்களை வாட்டியது. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியம் கணக்கில் கூலி என்று 1877இல் குறைத்தார்கள். அது உயிர் வாழப் போதாது என்று வாதாடியவர் சென்னை மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த மருத்துவர் கார்னிஷ். பசியும் மருத்துவ வரலாறுதான் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் அமுச்சியோ அப்பாரோ, அதாவது பாட்டியோ தாத்தாவோ, எழுதி வைத்த பத்தியக் குறிப்பு, பழைய கோவில் வரவு செலவு நோட்டு ஏதாவது பரணில் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். மாரியம்மன் பொங்கலுக்கு எந்த வீட்டிலிருந்து எத்தனை படி அரிசி வந்தது என்று எழுதிய ஒற்றைப் பக்கம்கூட எங்களுக்கு வேண்டும்.