கடலூர் சேவ் ஆகுது, திருப்பாதிரிப்புலியூர் ஏன் ஆகல? டெஸ்க்டாப் ஆப்ல அடிக்கடி வர்ற கோளாறுகள்

[திரையில்: பில்லிங் சாஃப்ட்வேர், வாடிக்கையாளர் படிவம். ஊர் கட்டத்தில் 'கடலூர்'. சேவ் பட்டன்.]

ஊர் கட்டத்துல கடலூர்னு அடிக்கிறோம். சேவ் ஆகுது. புதுச்சேரி, ஆகுது. நெல்லிக்குப்பம், அதுவும் ஆகுது. இப்போ திருப்பாதிரிப்புலியூர்னு அடிச்சு சேவ் குடுங்க.

[திரையில்: எரர் பெட்டி.]

விழுந்துருச்சு! விரல் விட்டு எண்ணுங்க: தி, ரு, ப், பா, தி, ரி, ப், பு, லி, யூ, ர். 11 எழுத்து. டேபிள்ல அந்த ஊர் காலத்துக்கு, அதாவது காலம்ங்கிற (column) நெடுவரிசைக்கு, விட்டிருக்கிறது 20 இடம். 11 எப்படி 20-க்குள்ள அடங்காம போகும்?

வணக்கம் நண்பர்களே. இன்னைக்கு டெஸ்க்டாப் ஆப் எழுதுறவங்களைத் திரும்பத் திரும்பப் படுத்துற கோளாறுகளைப் பிரிச்சு மேயப் போறோம். உதாரணத்துக்கு புரோகிராம் எழுத சி ஷார்ப், திரை அமைக்க வின்ஃபார்ம்ஸ், டேட்டா சேமிக்க எஸ்க்யூஎல் சர்வர். கடலூர், பாண்டி பக்கம் ஒரு கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதினா இந்த மூணுதான் பெரும்பாலும் கையில இருக்கும். இன்ஸ்டால் பண்றது எப்படின்னு இதுல சொல்லப் போறதில்ல. நேரா விஷயத்துக்குப் போவோம்.

முதல்ல எரரைப் படிக்கிற பழக்கம். எரர் பெட்டியில நீளமா ஸ்டாக் ட்ரேஸ் வரும், அதாவது எந்த மெத்தட் எதைக் கூப்பிட்டு எரர் வந்துச்சுங்கிற பட்டியல். மேல இருந்து கீழ வாங்க, உங்க சொந்த ஃபைல் பேரும் வரி எண்ணும் முதல்ல எங்க வருதோ அங்க நில்லுங்க. பத்துல எட்டு தடவை பிரச்சனை அந்த வரியிலயோ அதுக்கு மேல மூணு நாலு வரியிலயோதான் இருக்கும். இன்னொண்ணு, எரர் வந்தா என்ன செய்யணும்னு எழுதுற கேட்ச் பிளாக்கைக் காலியா விடாதீங்க. எரர் வரலன்னா கோளாறு இல்லன்னு அர்த்தமில்ல. டேட்டா சேவ் ஆகாமலே 'சேவ் ஆகிடுச்சு'ன்னு மெசேஜ் வர்ற சாஃப்ட்வேர்ல, கேட்ச் பிளாக்கைத் திறந்து பார்த்தா உள்ள ஒண்ணுமே இருக்காது.

சரி, திருப்பாதிரிப்புலியூர்.

[திரையில்: 'க' பெரிதாக. பக்கத்தில் 'க்'.]

நம்ம இலக்கணம் என்ன சொல்லுது? க் என்ற மெய்யோட அ என்ற உயிர் சேர்ந்தா க. அதாவது க்-தான் மூலம், க கூட்டு. கம்ப்யூட்டர்ல எழுத்துக்கெல்லாம் எண் குடுக்குற யூனிகோடு இதை அப்படியே தலைகீழா வச்சிருக்கு. அங்க 'க' ஒரே குறியீடு. 'க்' வேணும்னா க போட்டு, அது பின்னாடி புள்ளிக்குன்னு தனியா இன்னொரு குறியீடு போடணும். அரை மாத்திரை ஒலிக்கிற மெய்க்கு 2 இடம், ஒரு மாத்திரை ஒலிக்கிற 'க'வுக்கு 1 இடம்! கி, கு, கே எல்லாமே 2. இதை ஒரு தடவை உள்வாங்கிட்டீங்கன்னா தமிழ் சாஃப்ட்வேர்ல வர்ற பாதிக் கோளாறு உங்களுக்குத் தானா விளங்கிடும்.

இப்போ புதுச்சேரியை எண்ணலாம். ப ஒண்ணு, உகரக் குறி ஒண்ணு, ஆக பு 2. து 2. ச் 2. சே 2. ரி 2. கண்ணுக்கு 5 எழுத்து, சி ஷார்ப்ல லெங்த் கேட்டா 10 வரும். கடலூர்? க 1, ட 1, லூ 2, ர் 2. மொத்தம் 6. நெல்லிக்குப்பம் 15. திருப்பாதிரிப்புலியூர்ல என்ன அழகுன்னா, வெறும் அகரம் ஏறின எழுத்து ஒண்ணு கூட இல்ல. ஒவ்வொண்ணுலயும் ஒண்ணு புள்ளி, இல்லன்னா துணைக்குறி. அதனால சரியா இரட்டிப்பு: 11 எழுத்து, 22 இடம். நம்ம காலம் என்வார்கேர் 20, அதாவது யூனிகோடு எழுத்து வைக்கிற வகை, 20 இடம் வரைக்கும். ரெண்டு இடம் பத்தல. அந்த ரெண்டு இடமும் கடைசி 'ர்'.

டெஸ்ட் பண்ணும்போது ஊர் பேரை இங்கிலீஷ்ல அடிச்சுப் பார்த்திருப்பாங்க. 20-க்குள்ள அடங்கியிருக்கும். அதனாலதான் இந்தக் கோளாறு கடைக்குப் போன பிறகு தலை காட்டுது.

எஸ்க்யூஎல் சர்வர்ல இதுக்குப் பழைய எரர் எண் 8152. எந்தக் காலம்னே சொல்லாது, நீங்களே ஒவ்வொண்ணா தேடணும். 2019 பதிப்புல, டேட்டாபேஸ் எந்தப் பதிப்பு மாதிரி நடந்துக்கணும்னு சொல்ற கம்பாட்டிபிலிட்டி லெவல் 150 இருந்தா, எரர் 2628 வரும். டேபிள் பேரு, காலம் பேரு, வெட்டுப்பட்ட மதிப்பு மூணையும் சொல்லிடும். பழைய டேட்டாபேஸைப் புது சர்வர்ல ஏத்தியிருந்தா லெவல் பழசாவே நிக்கும், அதைச் சரிபாருங்க.

தீர்வு: தமிழ் வரக்கூடிய பெயர், ஊர், முகவரி காலம் எல்லாம் என்வார்கேர் 100-க்குக் குறையாம வையுங்க. என்வார்கேர் உள்ள இருக்கிற எழுத்துக்கு மட்டும்தான் இடம் எடுக்கும், தாராளமா விட்டா டிஸ்க் வீணாகாது. டெக்ஸ்ட்பாக்ஸோட மேக்ஸ்லெங்த்தும் அதே எண் இருக்கட்டும். அதை 20-ல விட்டா, அடிக்கும்போதே 'திருப்பாதிரிப்புலியூ' வரைக்கும் வந்து கீபோர்டு வேலை செய்யாத மாதிரி நின்னுடும்.

சிலர் எரரைத் தவிர்க்க, சொல்லுல ஒரு பகுதியை மட்டும் எடுக்குற சப்ஸ்ட்ரிங் போட்டு வெட்டுவாங்க. 21-ல வெட்டினா என்ன ஆகும் பாருங்க.

[திரையில்: 'திருப்பாதிரிப்புலியூர'.]

புள்ளி மட்டும் போய், 'யூர'ன்னு நிக்குது. பில்லுல இப்படி அச்சாகி வந்தா கடைக்காரர் முகம் எப்படி இருக்கும்! வெட்டித்தான் ஆகணும்னா ஸ்ட்ரிங்இன்ஃபோ கிளாஸ்ல சப்ஸ்ட்ரிங்பைடெக்ஸ்ட்எலிமெண்ட்ஸ்னு ஒரு மெத்தட் இருக்கு. அது குறியீடா எண்ணாம எழுத்தா எண்ணும். க்ஷ மட்டும் அதுல க், ஷ-ன்னு ரெண்டா பிரியும், அதை மனசுல வச்சுக்கோங்க. பில்லுல காலங்களை பேட்ரைட் போட்டு, அதாவது வலப்பக்கம் ஸ்பேஸ் நிரப்பி, வரிசைப்படுத்துறதும் இதே காரணத்தால கோணலாகும். ஒவ்வொரு காலத்தையும் அதோட எக்ஸ் இடத்துல தனித்தனியா வரையுங்க.

அடுத்து, தமிழ் தமிழாவே தெரியல. இதுல மூணு வகை இருக்கு. மூணுக்கும் மருந்து வேற, குழப்பிக்காதீங்க.

கேள்விக்குறியா வந்தா, அந்த டேட்டா போச்சு. திரும்பி வராது. காலம் என்வார்கேருக்குப் பதிலா வார்கேரா இருந்திருக்கும், இல்ல கொரி, அதாவது டேட்டாபேஸுக்குக் குடுக்குற கட்டளை, எழுதும்போது மேற்கோள் குறிக்கு முன்னாடி போட வேண்டிய கேப்பிட்டல் 'என்' விட்டுப் போயிருக்கும். விண்டோஸோட பழைய எழுத்து அட்டவணையான ஆன்சி கோடு பேஜ்ல தமிழுக்குன்னு ஒண்ணு இல்லவே இல்ல, அதனால ஒவ்வொரு குறியீடும் கேள்விக்குறியா மாறிடுது. கொரியை ஒட்டி ஒட்டி எழுதாம பாராமீட்டரா அனுப்பினா 'என்' கவலை இல்ல, எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன், அதாவது யாராவது கட்டத்துல கட்டளையைத் திணிச்சு டேட்டாபேஸைக் கெடுக்குற கவலையும் தீரும்.

கட்டம் கட்டமா வந்தா டேட்டா பத்திரமா இருக்கு. ஃபாண்ட்ல தமிழ் இல்ல, அவ்வளவுதான். விண்டோஸோட வர்ற நிர்மலா யூஐ வையுங்க.

மூணாவது, கிறுக்கலா வரும். பிரெஞ்சு படிச்ச பாண்டி பசங்களுக்கு உடனே அடையாளம் தெரியும்: ஆங்கில ஏ எழுத்தோட தலையில ஒரு சாய்கோடு. பக்கத்துலயே பிராண்டு பேரோட வருமே, வட்டத்துக்குள்ள ஆர், அந்தக் குறி. இந்த ஜோடி மாத்தி மாத்தி வந்தா, யூடிஎஃப்-8-ல எழுதின ஃபைலை யாரோ பழைய கோடு பேஜ்ல திறந்திருக்காங்க. தமிழ்க் குறியீடு ஒவ்வொண்ணும் யூடிஎஃப்-8-ல 3 பைட். முதல் பைட் எப்பவும் ஒண்ணேதான், அதுதான் அந்த தலையில கோடு போட்ட எழுத்து. சிஎஸ்வி ஃபைலை எக்ஸெல்ல திறக்கும்போது இது வாடிக்கை. ஸ்ட்ரீம்ரைட்டருக்குப் பாதை மட்டும் குடுத்தா ஃபைல் தலைப்புல பிஓஎம், அதாவது 'இது யூடிஎஃப்-8'னு காட்டுற அடையாளம், எழுதாது. என்கோடிங் டாட் யூடிஎஃப்8-ஐயும் சேர்த்துக் குடுங்க, எக்ஸெல் சரியா திறக்கும்.

இன்னும் ஒண்ணே ஒண்ணு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. தேடலில் கோரிமேடு கிடைக்கல, ஆனா லிஸ்ட்ல கண்ணு முன்னாடி இருக்கு! 'கோ'வை ரெண்டு விதமா சேமிக்கலாம். க-வும் ஓகாரக் குறி ஒண்ணும். இல்லன்னா க, இரட்டைக்கொம்பு, கால். திரையில ரெண்டும் ஒரே மாதிரி, ஆனா முதல் கோரிமேடு 8 இடம், ரெண்டாவது 9 இடம். சி ஷார்ப்ல இரட்டைச் சமக்குறி போட்டு ஒப்பிட்டா 'வேற வேற'ன்னு சொல்லிடும். சேமிக்கிறதுக்கு முன்னாடியும் தேடுறதுக்கு முன்னாடியும் நார்மலைஸ் மெத்தடைக் கூப்பிடுங்க, ரெண்டும் ஒண்ணாகும். ஆனா 'கௌரி'யை ஒருத்தர் கெ போட்டு ள போட்டு அடிச்சிருந்தா நார்மலைஸ் காப்பாத்தாது. அது நிஜமாவே வேற எழுத்து. சேமிக்கிற இடத்துலயே பார்த்துத் திருத்தணும்.

[திரையில்: வெளுத்துப்போன விண்டோ. தலைப்பில் 'நாட் ரெஸ்பாண்டிங்'.]

அடுத்தது எல்லாருக்கும் தெரிஞ்ச வெள்ளைத் திரை. நேரு வீதியில ஒரு கடை, கல்லாவுல ஒரே ஆள். வர்ற ஆளுக்குப் பதில் சொல்றது, பணம் வாங்குறது எல்லாம் அவர்தான். அவரே சரக்கெடுக்க குடோனுக்குப் போயிட்டா? கூப்பிட்ட குரலுக்கு ஆள் இல்ல. அந்த ஆள்தான் யூஐ த்ரெட். பட்டன் கிளிக்லயே ரிப்போர்ட் கொரியை ஓட்டினா, அது முடியிற வரைக்கும் விண்டோஸ் அனுப்புற மெசேஜ் எதையும் எடுக்க ஆளில்ல. 5 விநாடி பொறுத்துப் பார்த்துட்டு விண்டோஸ் அந்தத் திரையை வெளுத்துடும்.

குடோனுக்குப் பையனை அனுப்புங்க: கிளிக் மெத்தடை ஏசிங்க் ஆக்கி, எக்ஸிக்யூட்ரீடர்ஏசிங்க் மாதிரி மெத்தடை அவெயிட்டோட கூப்பிடுங்க. கணக்கு வேலை கனமா இருந்தா டாஸ்க் டாட் ரன். ஆரம்பிக்கும்போதே பட்டனை டிஸேபிள் பண்ணி, ஃபைனலியில திரும்ப எனேபிள் பண்ணுங்க. மறந்தா அவசரத்துல ரெண்டு கிளிக், ரெண்டு பில்.

இதுல ரெண்டு குழி இருக்கு. அவெயிட் போடாம டாட் ரிசல்ட் போட்டா நிரந்தரமா உறையும். பையன் சரக்கோட வந்து கல்லாக்காரர் கையிலதான் குடுக்கணும். அவரோ பையன் முடிச்சுட்டேன்னு சொல்ற வரை நிமிர மாட்டேங்குறார். ரெண்டு பேரும் அப்படியே நிக்கணும். ரெண்டாவது, வேற த்ரெட்ல இருந்து லேபிளை மாத்தினா வர்ற கிராஸ் த்ரெட் எரர். வின்ஃபார்ம்ஸ்ல இந்தச் சோதனை டிபக்கர் ஒட்டியிருக்கும்போதுதான் தானா நடக்கும். கடையில எரர் வராம, எப்போவாவது திரை கோணலாகும். அந்தச் சோதனையை ஃபால்ஸ் பண்ணச் சொல்ற ஆலோசனை எங்க கிடைச்சாலும் கேக்காதீங்க. இன்வோக் போட்டு யூஐ த்ரெட்ல மாத்துங்க.

'என் சிஸ்டத்துல ஓடுது, கடையில ஓடல': ஆக்ஸஸ் டேட்டாபேஸுக்கு 'புரொவைடர் பதிவாகல'ன்னு வந்தா, உங்க ஆப் 64 பிட், அங்க இருக்கிற டிரைவர் 32 பிட், இல்ல மறுபக்கம். ரெண்டையும் ஒண்ணாக்குங்க. சேவ் பண்ணும்போது ஆக்ஸஸ் டினைடுன்னா புரோகிராம் ஃபைல்ஸ் உள்ள எழுதப் பார்க்குது. புரோகிராம்டேட்டாவுக்கோ ஆப்டேட்டாவுக்கோ மாத்துங்க.

தேதிக் கோளாறு இன்னும் பொல்லாதது. மாசம் 12-ஆம் தேதி வரைக்கும் ஓடும், 13-ஆம் தேதி காலையில எரர். அந்த சிஸ்டத்துல ரீஜன் அமெரிக்காவா இருக்கு, 13-ஐ மாசம்னு நினைக்குது. 13-ஐத் திருத்தினா வேலை முடியல. அதுக்கு முந்தின 12 நாள் தேதியும் சத்தமில்லாம நாளும் மாசமும் இடம் மாறிப் பதிவாகியிருக்கும், போய்ப் பாருங்க. தேதியை ஸ்ட்ரிங் ஆக்காம டேட்டைம்பிக்கரோட வேல்யூவை அப்படியே பாராமீட்டரா குடுங்க.

பணம்: தோராயமா வைக்கிற டபுள் வகை வேண்டாம், பைசா துல்லியமா நிக்கிற டெசிமல் வகை. அதுலயும் மேத் டாட் ரவுண்டு 12.5-ஐ 12 ஆக்கும், 13.5-ஐ 14 ஆக்கும். பாதி வந்தா பக்கத்து இரட்டைப்படை எண்ணுக்குப் போறது அதோட இயல்பு. கடைக்கணக்குக்கு, பாதி வந்தா மேல ஏத்துற அவேஃப்ரம்ஸீரோ குடுங்க.

கடைசியா, இந்தப் பக்கத்துக்கே உரிய ஒண்ணு. கடலூர்ல இருந்து பாண்டிக்கு பஸ் ஏறினா ஒரு மணி நேரம் கூட முழுசா ஆகாது. ஆனா கடலூர் கடை பாண்டி வாடிக்கையாளருக்குச் சரக்கு அனுப்பினா அது மாநிலம் விட்டு மாநிலம். 18 சதவீதப் பொருளுக்கு மத்திய வரி சிஜிஎஸ்டி 9, மாநில வரி எஸ்ஜிஎஸ்டி 9 இல்ல, மாநிலங்களுக்கு இடையிலான ஐஜிஎஸ்டி 18. கோடுல 9, 9-ன்னு நேரா எழுதி வச்சிருந்தா மொத்தத் தொகை சரியாவே வரும், எரரும் வராது, ரிட்டர்ன் மட்டும் தப்பாப் போகும். ஜிஎஸ்டி எண்ணோட முதல் ரெண்டு இலக்கம் மாநிலக் குறியீடு: தமிழ்நாடு 33, புதுச்சேரி 34. எண் இல்லாத வாடிக்கையாளருக்கு முகவரியில மாநிலக் குறியீட்டுக்குன்னு தனி காலம் வையுங்க. ஊர் பேரைப் பார்த்து முடிவு பண்ற மாதிரி எழுதிடாதீங்க, இவ்வளவு நேரம் பார்த்தோமே, ஊர் பேரு எத்தனை விதமா உடையும்னு.

உங்க டேபிள்ல ஊர் காலம் எத்தனைன்னு இப்பவே திறந்து பாருங்க. தேவனாம்பட்டினம் எத்தனை இடம் எடுக்கும்னு கையாலயே எண்ணி கமெண்ட்ல போடுங்க. எண்ணின பிறகு லெங்த் போட்டு சரிபாருங்க.