சுடுசோறா, பிஸ்கட்டா?

வணக்கம் நேயர்களே.

நான் அரசு மருத்துவமனைகளில் குழந்தைகள் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். "பையன் சாதத்தைத் தொடவே மாட்டேங்குறான் டாக்டர், ஏதாவது டானிக் எழுதிக் குடுங்க" என்று கேட்காத தாய்மார்கள் குறைவு. குழந்தை என்னென்ன சாப்பிடுகிறது என்று காலையிலிருந்து வரிசையாகச் சொல்லச் சொல்வேன். எழுந்ததும் பாலோடு பிஸ்கட். பத்து மணிக்குக் கடையில் தொங்குகிற ஐந்து ரூபாய் சிப்ஸ். பதினொன்றரைக்கு பாக்கெட் கேக். பன்னிரண்டரைக்குச் சாதம் பிசைந்து எடுத்துக்கொண்டு அம்மா பின்னாலேயே ஓடினால், அந்தக் குழந்தைக்குப் பசி எங்கிருந்து வரும்?

அந்த அம்மாவைக் குறை சொல்வதற்காக நான் இங்கே வரவில்லை. காலை ஆறு மணிக்கு எழுந்து சமைத்து, பஸ் பிடித்து வேலைக்கு ஓடுகிற பெண்ணிடம் "நீ ஏன் சுண்டல் செய்து கொடுக்கவில்லை" என்று கேட்பது நியாயமே இல்லை. அந்த பாக்கெட் அவள் கைக்கு எப்படி வந்து சேர்ந்தது, அதில் இருப்பது அவளுக்குத் தெரியாமல் இருக்க யார் பாடுபடுகிறார்கள் என்பதைத்தான் பேசப் போகிறேன்.

முதலில், எந்த உணவைச் சொல்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். பாக்கெட்டில் வருவதெல்லாம் கெட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பால் பாக்கெட்டில்தான் வருகிறது. ரவை, அவல், பருப்பு எல்லாமே பாக்கெட்டில்தான். பிரேசில் நாட்டில் சாவ் பாவ்லோ பல்கலைக்கழகத்தில் கார்லோஸ் மொன்டேரோ என்று ஒரு பேராசிரியர். அவரும் அவருடைய குழுவும் 2009 வாக்கில் உணவுகளை வேறு விதமாகப் பிரித்துப் பார்த்தார்கள். எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு சர்க்கரை என்று மட்டும் பார்க்காமல், அந்த உணவை என்ன செய்து இப்படி ஆக்கினார்கள் என்று கேட்டார்கள். அதில் கடைசி வகைதான் 'அல்ட்ரா ப்ராசஸ்டு', அதாவது அதீதமாகப் பதப்படுத்திய உணவு. நீங்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிற பட்டியலைப் படியுங்கள். அதில் உங்கள் அடுக்களையில் இல்லாத சாமான்கள் இருக்கும்: இன்வெர்ட் சிரப், எமல்சிஃபயர், செயற்கை மணம், ஐ.என்.எஸ். (உணவில் சேர்க்கிற பொருள்களுக்கான குறியீடு) என்று போட்டு அதன் பக்கத்தில் எண்கள். இப்படியெல்லாம் இருந்தால் பெரும்பாலும் அது இந்த வகைதான். பிஸ்கட், சிப்ஸ், கோலா, உடனடி நூடுல்ஸ், பாலில் கலக்கிக் குடிக்கிற பல மாவுகள் எல்லாம் இதில் வரும். வீட்டு முறுக்கு உடம்புக்கு நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் முறுக்கு சுடுவதற்கு ஒரு மத்தியானம் முழுக்க வேண்டும். அதனால் தினமும் மூன்று வேளை யாரும் முறுக்கு தின்பதில்லை.

இந்த உணவு உடம்பை என்ன செய்கிறது? ஒரே ஒரு சோதனையைச் சொல்கிறேன். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் என்ற ஆராய்ச்சியாளர் 20 பேரை நான்கு வாரம் அங்கேயே தங்க வைத்தார். இரண்டு வாரம் அதீதமாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவு. முக்கியமான விஷயம் இதுதான், கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். இரண்டு வகைச் சாப்பாட்டிலும் மேஜையில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவு. 'வேண்டிய அளவு சாப்பிடுங்கள்' என்று மட்டும் சொன்னார்கள். அதீதமாகப் பதப்படுத்திய உணவு கொடுத்த நாட்களில் அவர்கள் ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். ஏழெட்டு இட்லி அளவு. அதையும் வேகவேகமாகச் சாப்பிட்டார்கள். இரண்டே வாரத்தில் ஏறக்குறைய ஒரு கிலோ எடை கூடியது. சாதாரண உணவுக்கு மாறியதும் அதே அளவு குறைந்தது. 2019-ல் இந்த முடிவு வெளியானது. அதே ஆட்கள், அதே கட்டுப்பாடு, மாறியது உணவு மட்டும்தான். இதைப் படித்த பிறகு 'வாயைக் கட்டத் தெரியவில்லை' என்று ஒரு நோயாளியைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவே இல்லை.

2025 நவம்பரில் லான்செட் மருத்துவ இதழ் இதைப் பற்றி ஒரு கட்டுரைத் தொடர் வெளியிட்டது. நீண்டகால ஆய்வுகள் 104-ஐ எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அதில் 92 ஆய்வுகள், உடல்பருமன், சர்க்கரை நோய், இதய நோய் என்று ஏதோ ஒரு நாட்பட்ட நோயின் ஆபத்து கூடுவதைச் சொல்கின்றன. நம் தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-ல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர்., அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு சொன்னது. வெள்ளைச் சோறு, உட்கார்ந்த வேலை, பரம்பரை என்று அதற்குப் பல காரணங்கள் உண்டு. பழி முழுவதையும் பாக்கெட்டின் மேல் போட நான் வரவில்லை. ஆனால் பழியில் அதன் பங்கு வளர்ந்துகொண்டே போகிறது.

சரி, இப்போது பிஸ்கட் கதைக்கு வருகிறேன். எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் நான் இதைச் சொல்லாமல் இருப்பதில்லை.

பள்ளியில் சோறு போடுவது நமக்குப் புதிதில்லை. 1920-லேயே சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கியது. 1956-ல் காமராஜர் அதை மாநிலத்துக்கே விரித்தார். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவு ஆக்கினார். அப்புறம் கலைஞர் முட்டை சேர்த்தார். ஆட்சி மாறினாலும் அடுப்பு அணையவில்லை. மற்ற பல மாநிலங்களில் நிலைமை வேறு. மாதம் மூன்று கிலோ தானியத்தைப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்தார்கள். 2001 நவம்பர் 28-ல் உச்சநீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. அரசுத் தொடக்கப் பள்ளியில் படிக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் சமைத்த உணவு, அதுவும் குறைந்தது 300 கலோரி, 8 முதல் 12 கிராம் புரதத்தோடு கொடுக்க வேண்டும் என்றது. சில ஆண்டுகளில் நாடு முழுக்கப் பள்ளிகளில் அடுப்பு எரியத் தொடங்கியது. பத்துக் கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகள்.

பத்துக் கோடிக் குழந்தைகள், வருடத்தில் 200 நாள். இதை ஒரு தாயாகக் கணக்குப் பார்த்தால் வயிறு நிறைகிறது. ஒரு வியாபாரியாகக் கணக்குப் பார்த்தால்? 2007, 2008 வாக்கில் பிஸ்கட் தயாரிப்பாளர்கள் சங்கம் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதியது. மதிய உணவுக்குப் பதிலாகப் பிள்ளைகளுக்கு பிஸ்கட் பாக்கெட் கொடுக்கலாம் என்பதுதான் விஷயம். சுத்தமானது, கெட்டுப்போகாது, வைட்டமின் சேர்க்கலாம், சமைக்க வேண்டாம், கொடுப்பது சுலபம் என்று காரணங்கள் வேறு. கொஞ்ச நாளில் கிட்டத்தட்ட முப்பது எம்.பி.க்கள் இதே யோசனையை ஆதரித்து அப்போதைய மனிதவள மேம்பாட்டு அமைச்சர் அர்ஜுன் சிங்குக்குக் கடிதம் எழுதினார்கள். ஒரு கட்சி இரண்டு கட்சி இல்லை, பல கட்சிக்காரர்கள். தங்கள் தொகுதியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்பதைப் பார்த்தவர்கள்தானே அவர்கள்? அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

அது நடக்காமல் போனது. அமைச்சகத்திலேயே எதிர்ப்பு வந்தது. மாநிலங்களிடம் கருத்துக் கேட்டார்கள், சுடுசோறே இருக்கட்டும் என்ற குரல்தான் ஓங்கி ஒலித்தது. உணவு உரிமைக்காகப் போராடியவர்கள், ழான் திரேஸ் போன்ற பொருளாதார அறிஞர்கள், இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்தக் கடிதங்கள் வெளியே வந்ததால்தான் நமக்கு இது தெரிகிறது. வெளியே வராத கடிதங்கள் எத்தனை இருக்கும்?

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். சுத்தம் பற்றிய பேச்சு வெற்றுப் பேச்சு இல்லை. 2013-ல் பீகாரில் சாரண் மாவட்டத்துப் பள்ளியில் பூச்சிமருந்து கலந்த மதிய உணவைச் சாப்பிட்டு 23 குழந்தைகள் இறந்தார்கள். மறக்கவே கூடாத கொடுமை அது. ஆனால் அதற்கு வழி, நல்ல சமையல்கூடம், பூட்டிய சாமான் அறை, குடிதண்ணீர், கேஸ் அடுப்பு, ருசி பார்த்துவிட்டுப் பரிமாறும் பழக்கம், அப்புறம் சத்துணவு ஆயாவுக்குக் கௌரவமான சம்பளம். ஓர் அடுப்பு சரியில்லை என்றால் அந்த அடுப்பைச் சரிசெய்ய வேண்டும், குழந்தையின் தட்டை மாற்றக் கூடாது. முட்டையும் கொண்டைக்கடலையும் இருக்கிற தட்டுக்குப் பதில் மைதா, சர்க்கரை, பாமாயில். அதில் இரண்டு வைட்டமினைத் தூவிவிட்டால் அது சத்துணவு ஆகிவிடுமா?

இந்தக் கதையை நான் இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் உண்டு. இந்தத் தொழிலின் வேலை கடையில் தொடங்குவதில்லை, விதி எழுதுகிற மேஜையில் தொடங்குகிறது. 2024-ல் பப்ளிக் ஐ என்ற சுவிஸ் அமைப்பு ஒன்றை வெளியிட்டது. நெஸ்லே நிறுவனத்தின் செரிலாக் குழந்தை உணவில், சுவிட்சர்லாந்தில் விற்பதில் கூடுதல் சர்க்கரை கிடையாது. இந்தியாவில் விற்றதில் ஒரு வேளைக்குச் சராசரி மூன்று கிராம் அளவுக்கு இருந்தது. நாங்கள் அந்தந்த நாட்டு விதிப்படிதான் நடக்கிறோம் என்பது நிறுவனத்தின் பதில். அப்படியானால் ஆறு மாதக் குழந்தையின் வாயில் சர்க்கரை போட இடம் கொடுத்தது நம் விதிதானே? அந்த விதியை எழுதும்போது யார் யார் கூட இருந்தார்கள் என்று கேட்க வேண்டாமா?

விஞ்ஞானத்தையும் விட்டுவைக்கவில்லை. கோகோ கோலா பணத்தில் அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி அமைப்பு நடந்தது. என்ன குடிக்கிறோம் என்பதைவிட உடற்பயிற்சி இல்லாததுதான் பிரச்சினை என்பது அதன் பேச்சு. 2015-ல் பத்திரிகைகள் அந்தப் பண விவகாரத்தை எழுதியதும் அந்த வருடக் கடைசியிலேயே அமைப்பை மூடிவிட்டார்கள். சிகரெட் கம்பெனியான ஃபிலிப் மோரிஸ் 1985-ல் ஜெனரல் ஃபுட்ஸையும், 1988-ல் கிராஃப்டையும் வாங்கியது. சந்தேகத்தைக் கிளப்பி வருடங்களைக் கடத்துவது எப்படி என்று சிகரெட்காரர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

நம் ஊரில் வருடங்கள் எப்படிக் கடந்தன என்று பாருங்கள். பாக்கெட்டின் முன்பக்கம் 'சர்க்கரை அதிகம், உப்பு அதிகம்' என்று பெரிதாகப் போட வேண்டும் என்பதுதான் கோரிக்கை. 2018-ல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரைவு விதி ஒன்று வந்தது, தொழில்துறை எதிர்த்தது, நின்றது. 2019-ல் இன்னொன்று. 2022-ல் எச்சரிக்கையையே விட்டுவிட்டு, நட்சத்திரம் போடலாம் என்று ஒரு வரைவு! கெடுதல் என்று எச்சரிக்க வேண்டிய இடத்தில் ஒன்றரை நட்சத்திரம், இரண்டு நட்சத்திரம். நட்சத்திரத்தைப் பார்த்தால் நம் ஜனங்கள் நல்லது என்றுதானே எடுத்துக்கொள்வார்கள்? 2025 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் மூன்று மாதத்தில் முடிவு சொல்லுங்கள் என்றது. அந்த மூன்று மாதம் எப்போதோ முடிந்துவிட்டது.

சிலி நாட்டில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். கீதோ கிரார்தி என்ற மருத்துவர் அப்போது அங்கே செனட்டராக, அதாவது நாடாளுமன்ற மேலவை உறுப்பினராக இருந்தார். தொழில்துறையோடு பல வருடம் மல்லுக்கட்டி, 2016-ல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சர்க்கரையோ உப்போ அதிகமுள்ள பாக்கெட்டில் முன்பக்கமே கறுப்பு முத்திரை. குழந்தைகளை இழுக்கிற கார்ட்டூன் புலி, யானை எல்லாம் டப்பாவிலிருந்து போக வேண்டும். பள்ளியில் விற்கக் கூடாது. சட்டம் வந்த பிறகு சர்க்கரைப் பானம் வாங்குவது ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்தது. படிக்கத் தெரியாத பாட்டியும் அந்தக் கறுப்பு முத்திரையைப் புரிந்துகொள்வாள். நமக்கும் அதுதான் வேண்டும். திரும்பவும் சொல்கிறேன், நட்சத்திரம் வேண்டாம், எச்சரிக்கை வேண்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள், நேரம் குறைவாக இருக்கிறது. வரி பற்றி விரிவாகப் பேச நினைத்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. மாற்றியபோது கோலா வகைகளுக்கு 40 சதவீதம் போட்டார்கள், நல்லது. ஆனால் பிஸ்கட், நூடுல்ஸ், சாக்லேட் எல்லாம் 5 சதவீதத்துக்கு இறங்கிவிட்டன.

'ஹெல்த் டிரிங்க்' என்று சொல்லி விற்கிற, பாலில் கலக்கும் மாவுகளைப் பற்றி ஒரு வார்த்தை. நம் உணவுச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது. 2024-ல் மத்திய அரசே, இணையக் கடைகளில் அந்தத் தலைப்பின் கீழ் இவற்றை விற்காதீர்கள் என்று சொல்லிவிட்டது. வெறும் பால் போதும் உங்கள் குழந்தைக்கு.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டம் விற்கக் கூடாது என்று 2020-லிருந்தே உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி இருக்கிறது. புதிதாக எந்தச் சட்டமும் வர வேண்டியதில்லை. உங்கள் பள்ளி மேலாண்மைக் குழு அடுத்து எப்போது கூடுகிறது என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். அந்தக் கூட்டத்தில் இந்த விதியைச் சொல்லி, மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு ஒரு தீர்மானம் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.