பில்லின் மூலையில் இருக்கும் எண்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன், கோவை கணபதிப் பகுதியில் பம்பு உதிரிபாகங்கள் செய்யும் சிறிய பட்டறை ஒன்றின் உரிமையாளர் என் அலுவலகத்திற்கு வந்தார். புதிய லேத்து வாங்க அவர் கேட்டிருந்த கடனை வங்கி மறுத்திருந்தது. காரணம் கேட்டதற்கு, "உங்கள் நிறுவனத்தின் சிபில் சரியில்லை" என்று மட்டும் சொன்னார்களாம். வாங்கிய கடன்களை எப்படிக் கட்டினோம் என்று காட்டும் அறிக்கையைத்தான் சிபில் என்கிறோம். இருபது ஆண்டுகளில் ஒரு தவணைகூடத் தவறியதில்லை என்று அவர் சொன்னதை நான் அன்று முழுதாக நம்பவில்லை. தவறியவர்களும் அதையேதான் சொல்வார்கள். கட்டணம் கட்டி அறிக்கையை வரவழைத்துப் பார்த்த பிறகுதான், அதில் இருந்த இரண்டு வாராக்கடன்களும் அவருடையவை அல்ல என்பது தெரிந்தது. அதே பெயரில் அதே வட்டாரத்தில் இயங்கிய வேறொரு கூட்டு நிறுவனத்திற்குக் கடன் கொடுத்த ஒரு நிதி நிறுவனம், பான் எண் இருக்க வேண்டிய கட்டத்தை வெற்றாக விட்டுத் தகவல் அனுப்பியிருந்தது. பெயரையும் அஞ்சல் குறியீட்டையும் மட்டும் வைத்துப் பொருத்தியதில், அந்தக் கடன்கள் இவர் தலையில் வந்து விழுந்திருந்தன.

நம் பக்கத்தில் இது நடக்காமல் இருந்தால்தான் வியப்பு. லட்சுமி, முருகன், வெங்கடேஸ்வரா, அம்மன் என்று தெய்வத்தின் பெயரை முன்னால் வைத்து, பின்னால் 'மில்ஸ்' என்றோ 'இன்டஸ்ட்ரீஸ்' என்றோ சேர்த்துத்தான் தொழில் தொடங்குகிறோம். ஒரே தெருவில் இரண்டு லட்சுமிகள் இருந்தாலும், எந்த லட்சுமி யாருடையது என்று தெருக்காரர்களுக்குத் தெரியும். மும்பையில் இருக்கும் ஒரு கணினிக்கு அது தெரியாது. ஆகவே கடன் அறிக்கையைப் பற்றிப் பேசுவதற்கு முன், அந்த அறிக்கை யாருடையது என்பதை உறுதி செய்யும் எண்களைப் பற்றிப் பேசியாக வேண்டும். உங்கள் மேசையில் இருக்கும் ஏதாவது ஒரு பில்லைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டால் நான் சொல்வது எளிதில் விளங்கும்.

பில்லை அனுப்பியவர் பிரைவேட் லிமிடெட் அல்லது லிமிடெட் கம்பெனியாக இருந்தால், அதில் 21 இடங்கள் கொண்ட ஓர் எண் இருக்க வேண்டும். அதுதான் சி.ஐ.என். எனப்படும் நிறுவன அடையாள எண். கடிதத் தாளிலும் பில்லிலும் அதை அச்சிட வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் சொல்கிறது. முதல் எழுத்து எல் என்றால் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம், யு என்றால் பட்டியலிடப்படாதது. அடுத்த ஐந்து இலக்கங்கள் தொழில் வகையையும், அதன்பின் வரும் இரண்டு எழுத்துகள் மாநிலத்தையும் குறிக்கும். தமிழ்நாட்டுக்கு மட்டும் இதில் ஒரு சிறு வேடிக்கை உண்டு: சென்னைப் பதிவாளரிடம் பதிவான நிறுவனங்களுக்கு டி.என். என்றும், கோவைப் பதிவாளரிடம் பதிவானவற்றுக்கு டி.இசட். என்றும் வரும். டி.இசட். என்பதைப் பார்த்துவிட்டு ஏதோ வெளிநாட்டுக் குறியீடு என்று சந்தேகப்பட்ட ஒரு வடநாட்டு வியாபாரிக்கு நானே தொலைபேசியில் விளக்கம் சொல்லியிருக்கிறேன். மாநிலத்தை அடுத்து, நிறுவனம் பதிவான ஆண்டு நான்கு இலக்கங்களில் இருக்கும். பிறகு தனியார் நிறுவனம் என்றால் பி.டி.சி., பொது நிறுவனம் என்றால் பி.எல்.சி., ஒருவரே நடத்தும் கம்பெனி என்றால் ஓ.பி.சி. என மூன்று எழுத்துகள். கடைசி ஆறு இலக்கங்கள் பதிவு எண்.

இவற்றில் கடன் கொடுப்பவருக்கு மிகவும் பயன்படுவது அந்த ஆண்டுதான். "நாற்பது வருஷத்துக் கம்பெனி" என்று விசிட்டிங் கார்டில் போட்டிருப்பவரின் எண்ணில் 2019 என்று இருந்தால், உடனே அவரைப் பொய்யர் என்று முடிவுகட்ட வேண்டாம். தாத்தா காலத்துக் கூட்டு நிறுவனத்தை அண்மையில் கம்பெனியாக மாற்றியிருக்கலாம். ஆனால் பழைய நிறுவனத்தின் கடன்கள் எங்கே போயின என்று கேட்பதற்கு அந்த நான்கு இலக்கங்கள் நமக்கு உரிமை தருகின்றன. இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: சி.ஐ.என். நிலையானது அன்று. நிறுவனம் பங்குச் சந்தைக்குப் போனாலும், பதிவு அலுவலகத்தை வேறு மாநிலத்துக்கு மாற்றினாலும், தனியார் என்பதிலிருந்து பொது என்று மாறினாலும் எண்ணும் மாறிவிடும்.

அடுத்தது பான் எண்ணும் ஜி.எஸ்.டி. எண்ணும். ஜி.எஸ்.டி. எண்ணின் 15 இடங்களில் முதல் இரண்டு மாநிலத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டுக்கு 33, கேரளத்துக்கு 32, கர்நாடகத்துக்கு 29. அதற்கு அடுத்த பத்து இடங்களில் அப்படியே பான் எண் உட்கார்ந்திருக்கும். அந்தப் பான் எண்ணின் நான்காவது எழுத்தைக் கவனியுங்கள். சி என்றால் கம்பெனி, எஃப் என்றால் கூட்டு நிறுவனம், எச் என்றால் இந்துக் கூட்டுக் குடும்பம், பி என்றால் தனிமனிதர். பில்லின் தலைப்பில் எவ்வளவு பெரிய எழுத்தில் 'குரூப் ஆஃப் கம்பெனீஸ்' என்று அச்சிட்டிருந்தாலும், அந்த எழுத்து பி என்றால் நீங்கள் சரக்கு கொடுப்பது ஒரு தனிமனிதருக்குத்தான்.

இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் ஊர்க் கடைகளிலும் பட்டறைகளிலும் மிகப் பல தனி உரிமையாளர் தொழில்கள். சட்டத்தின் பார்வையில் உரிமையாளரும் தொழிலும் ஒன்றே. தொழிலுக்கெனத் தனிப் பான் எண் கிடையாது. ஆகவே உரிமையாளர் தம் வீட்டுக் கடனில் செய்யும் தாமதமும், மகன் படிப்புக்காக வாங்கிய கடனும், மறந்துபோன கிரெடிட் கார்டு பாக்கியும் தொழில் கடன் கேட்கும்போது மேசைக்கு வந்துவிடும். தொழில் கணக்கை அப்பழுக்கில்லாமல் வைத்திருந்த ஒரு மளிகை மொத்த வியாபாரிக்கு, மைத்துனர் வாங்கிய கார் கடனுக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து தடையாக வந்ததைப் பார்த்திருக்கிறேன். ஜாமீன் போட்டவர் பெயரும் அறிக்கையில் ஏறும் என்பது கையெழுத்துப் போடும் நேரத்தில் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

இனி அறிக்கைக்கு வருவோம். 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின்கீழ், ரிசர்வ் வங்கியின் அனுமதியுடன் இந்தியாவில் நான்கு நிறுவனங்கள் இந்தப் பணியைச் செய்கின்றன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க். 2000ஆம் ஆண்டில் முதலில் வந்தது சிபில் என்பதால், மற்ற மூன்றின் அறிக்கையையும் நாம் 'சிபில்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். தனிமனிதர்களுக்கான மதிப்பெண் 300 முதல் 900 வரை; கூடக் கூட நல்லது. சிறு தொழில் நிறுவனங்களுக்குச் சிபில் தரும் தரவரிசையோ 1 முதல் 10 வரை. இதில் 1 தான் சிறந்தது. இந்தத் தலைகீழ் வரிசை தெரியாமல், தமக்கு 8 வந்திருக்கிறது என்று மகிழ்ச்சியோடு சொன்னவரும் உண்டு.

ஆனால் நான் எப்போதும் அந்த ஒற்றை எண்ணைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் பார்க்க வேண்டியது முகப்பு விவரங்கள்: பெயர், பான், சி.ஐ.என்., முகவரி, பங்குதாரர்கள் அல்லது இயக்குநர்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் விலகிய பங்குதாரர் இன்னும் அதில் இருந்தால், அவருடைய கடன் பிரச்சினைகளும் உங்களோடு கூடவே வரும். அடுத்தது ஒவ்வொரு கடன் கணக்கின் நடத்தை. பாக்கி 30 நாள் வரை தாமதமானால் ஒரு நிலை, 31 முதல் 60 வரை அடுத்தது, 61 முதல் 90 வரை மூன்றாவது. 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன். தவணைக் கடனில் இதைக் கணக்கிடுவது எளிது. சரக்கை ஈடாக வைத்து வரம்புக்குள் தேவைப்படும்போது பணம் எடுக்கும் சி.சி. (கேஷ் கிரெடிட்) கணக்கில்தான் பலரும் அறியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். வட்டியை ஒழுங்காகக் கட்டிக்கொண்டே வருவார்கள். மாதாமாதம் தர வேண்டிய ஸ்டாக் ஸ்டேட்மென்டை, அதாவது சரக்கு இருப்புப் பட்டியலை, தராமல் விட்டுவிடுவார்கள். பட்டியல் மூன்று மாதத்துக்கு மேல் பழையதாகிவிட்டால் அதன் அடிப்படையில் பணம் எடுப்பது முறைகேடாகக் கருதப்படும்; அது தொடர்ந்து 90 நாள் நீடித்தால் கணக்கு வாராக்கடன் பட்டியலுக்குப் போகும். ஒரு தாள் அனுப்பாததால் வந்த களங்கம் என்று அறிக்கையில் யாரும் எழுதி வைக்க மாட்டார்கள்.

'செட்டில்மென்ட்' என்ற சொல்லும் அப்படியே. பாதித் தொகையைக் கட்டிக் கடனை முடித்தவர், வங்கி தந்த கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பார். அறிக்கையில் அது 'முடிந்தது' என்று வராது. 'சமரசத்தில் தீர்க்கப்பட்டது' என்றுதான் வரும். அடுத்து கடன் கொடுக்க வருபவர், முழுத்தொகையும் திரும்பவில்லை என்றே அதைப் படிப்பார்.

நூல் வியாபாரிகளும் துணி வியாபாரிகளும் என்னிடம் அடிக்கடி கேட்பது வேறு. "இந்தப் பார்ட்டிக்கு 60 நாள் கடனில் சரக்கு அனுப்பலாமா, அவருடைய சிபிலை எடுத்துத் தர முடியுமா?" என்பார்கள். முடியாது. வங்கிகளும் சட்டம் அனுமதித்த அமைப்புகளும்தான் பிறருடைய கடன் அறிக்கையைப் பார்க்கலாம். வியாபாரிக்கு அந்த உரிமை இல்லை. அந்தப் பார்ட்டியே தம் அறிக்கையை எடுத்துக் காட்டினால் பார்க்கலாம்; கேட்பதில் தவறில்லை. ஆனால் யாருடைய அனுமதியும் தேவையில்லாத ஒன்று இருக்கிறது. ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அவருடைய எண்ணை இட்டால், பதிவு நடப்பில் இருக்கிறதா ரத்தாகிவிட்டதா, மாதக் கணக்குகளை எந்தத் தேதிகளில் தாக்கல் செய்திருக்கிறார் என்பதெல்லாம் இலவசமாகத் தெரியும். திடீரென்று மூன்று மாதம் தாக்கல் செய்யாதவர் உங்கள் பில்லுக்கு மட்டும் சரியாகப் பணம் அனுப்புவார் என்று நான் எதிர்பார்க்க மாட்டேன். சரக்கு வாங்குபவருக்கும் இது பொருந்தும். விற்றவர் வரியைக் கட்டாவிட்டால், வாங்கியவர் எடுத்த உள்ளீட்டு வரி வரவுக்கே, அதாவது வாங்கும்போது கொடுத்த வரியைத் தாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வதற்கே, ஆபத்து.

கம்பெனி என்றால் நிறுவன விவகாரங்கள் அமைச்சகத்தின் இணையதளமும் இருக்கிறது. நிலம் வாங்கும்போது வில்லங்கம் பார்க்காமல் நாம் முன்பணம் கொடுப்பதில்லை. கம்பெனிக்கும் அதுபோல ஒரு வில்லங்கப் பட்டியல் உண்டு: அதன் இயந்திரங்களும் சரக்கும் எந்த வங்கியில், எவ்வளவு தொகைக்கு ஈடாக இருக்கின்றன என்பது அங்கே பதிவாகியிருக்கும். உங்கள் பார்ட்டியின் சரக்கு முழுவதும் ஏற்கெனவே வங்கிக்கு ஈடு என்றால், அவர் நொடித்துப்போகும் நாளில் நீங்கள் வரிசையின் கடைசியில்தான் நிற்பீர்கள். இதன் மறுபக்கம் உங்கள் சொந்தக் கம்பெனியைச் சேர்ந்தது. கடனை அடைத்தபின் ஈடு தீர்ந்ததாகப் படிவம் தாக்கல் செய்யாவிட்டால், பத்தாண்டுக்கு முன் முடிந்த கடனும் இன்றுவரை வில்லங்கமாகவே தெரியும்.

ஏற்றுமதியாளர்களுக்காக இரண்டு எண்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்கக் கொள்முதலாளர்கள் கேட்கும் ஒன்பது இலக்க டன்ஸ் எண், டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் என்ற தனியார் நிறுவனம் தருவது. 1837இல் அமெரிக்காவில் வந்த பொருளாதாரச் சரிவில் பட்டு வியாபாரம் நொடித்துப்போன குடும்பத்தைச் சேர்ந்த லூயிஸ் டாப்பன், 1841இல் நியூயார்க்கில் தொடங்கிய விசாரணை நிறுவனத்தில் அதன் வேர் இருக்கிறது; கடன் கொடுத்துக் கெட்டவரே கடன் தகவலை விற்கத் தொடங்கினார். அமெரிக்க அரசின் ஒப்பந்தங்களுக்கு 2022 ஏப்ரல் முதல் டன்ஸ் எண் தேவையில்லை என்றாலும், அந்நாட்டின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் உணவு ஆலைகளின் பதிவுக்கு அதை ஏற்கிறது. தனியார் நிறுவனங்களும் கேட்கின்றன. மற்றொன்று, நிதிப் பரிமாற்றங்களில் ஒரு நிறுவனத்தை உலக அளவில் அடையாளம் காட்டும், 20 இடங்கள் கொண்ட எல்.இ.ஐ. எண். வங்கிகளில் உங்கள் மொத்தக் கடன் ஐந்து கோடி ரூபாயை எட்டினால் ரிசர்வ் வங்கி விதிப்படி இது கட்டாயம். ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும்.

அறிக்கையில் பிழை கண்டால் என்ன செய்வது? கடன் தகவல் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். அதன் நகலைத் தவறான தகவலை அனுப்பிய வங்கிக்கும் அனுப்புவது நல்லது, ஏனெனில் திருத்தும் அதிகாரம் அவர்களிடம்தான் இருக்கிறது. 30 நாளுக்குள் தீர்வு வராவிட்டால், அதற்குப்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி வகுத்த விதி 2024 ஏப்ரல் 26 முதல் நடப்பில் இருக்கிறது.

கணபதிப் பட்டறைக்காரர் காலத்தில் அந்த விதி இல்லை. ஐந்து மாதம் கடிதம் எழுதினோம். அறிக்கை திருந்தி வந்தபோது லேத்தின் விலை ஏறியிருந்தது. அவரோ பழைய இயந்திரம் ஒன்றை வாங்கிப் பொருத்தி ஓட்டத் தொடங்கியிருந்தார். அதன்பின் அவர் அனுப்பும் எந்தப் பில்லிலும் நிறுவனத்தின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் பான் எண்தான் இருக்கிறது. அச்சகத்தார் அழகாக இல்லை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்களாம்.

நன்றி. வணக்கம்.