வெள்ளம் வருமுன் அணை

தலைமை ஏற்றிருக்கும் பேராசிரியர் அம்மா அவர்களே, வாழ்த்துரை வழங்கிய துறைத்தலைவர் ஐயா அவர்களே, காலையிலேயே வந்து நாற்காலி போட்ட மாணவத் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம். கேட்டதும் இந்த அரங்கைத் தந்த அம்மா அவர்களுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

குனு என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் கருவியான ஜென்கெட்ஆப்டில் மூன்று வசதிகளைச் சொல்ல வந்தேன்: தந்த மதிப்பு சரியான வகையா என்று பார்க்கும் வகைச் சோதனை, ஆப்ஷன் குழுக்கள், ஆப்ஷன்களை எழுதிவைக்கும் கான்ஃபிக் கோப்பு. ஆப்ஷன் என்றால், நிரலை இயக்கும்போது அதன் பெயரோடு சேர்த்து நாம் அடிக்கும் விருப்பம். நம் நிரல் ஏற்கும் ஆப்ஷன்களை ஒரு சிறு கோப்பில் வரிவரியாக எழுதிக் கொடுத்தால், அவற்றைப் படித்துச் சரிபார்க்கும் சி மொழி நிரலை அதுவே எழுதித் தரும். ஆப்ஷன்களின் விளக்கத்தைக் காட்டும் ஹெல்ப், பதிப்பைச் சொல்லும் வெர்ஷன் இரண்டும் கேட்காமலே வந்துவிடும்.

வெள்ளம் வருமுன் அணை போடு என்பார்கள். நான் போடவில்லை. முன்பு வேலை பார்த்த இடத்தில், பழைய பேக்கப்புகளை அழிக்க ஒரு நிரல் எழுதினேன். எத்தனை நாள் பேக்கப்பை வைத்திருக்க வேண்டும் என்பதற்கு 'கீப்' என்று ஓர் ஆப்ஷன். அடித்ததை எண்ணாக மாற்ற, ஏடிஓஐ என்ற சி மொழிச் செயற்கூறு. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, அவசரத்தில் ஒரு தம்பி 30 என்று அடிப்பதற்குப் பதிலாக 3 அடித்து, பக்கத்தில் சுழியத்துக்குப் பதில் ஆங்கில 'ஓ' எழுத்தை அடித்துவிட்டான். திரையில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஏடிஓஐ என்ன செய்யும்? 3-ஐ எடுத்துக்கொள்ளும், 'ஓ'வை விட்டுவிடும், ஒரு வார்த்தை சொல்லாது. திங்கட்கிழமை வந்து பார்த்தால் மூன்று நாள் பேக்கப்தான் மிச்சம். அந்தத் தம்பி அழுதே விட்டான். தப்பு அவனுடையது இல்லை, என்னுடையது.

இதே ஆப்ஷனை 'இன்ட்', அதாவது முழு எண், என்று அறிவித்திருந்தால், ஜென்கெட்ஆப்ட் எழுதும் நிரல் கடைசி எழுத்துவரை பார்க்கும். எண் அல்லாதது ஒட்டிக்கொண்டிருந்தால் பிழை சொல்லி நின்றுவிடும். வெள்ளம் வருமுன் அணை!

சரி, குழுக்கள். ஒரு குழுவில் ஒன்றைத்தான் தரலாம் என்று விதிக்கலாம், அவ்வளவுதான். எனக்கு முக்கியம் வேறு. ஒவ்வோர் ஆப்ஷனுக்கும் விளக்க வரி ஒன்று கேட்கிறதே, அதில் 'எண்' என்று ஒற்றைச் சொல்லைப் போட்டுவிட்டு நகர்கிறோம். 'இத்தனை நாளுக்கு முந்தைய பேக்கப் அழிக்கப்படும்' என்று எழுதுங்கள் ஐயா! நள்ளிரவில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பவர் படிப்பது அந்த ஒரு வரியைத்தான். வெள்ளம் வருமுன் போடும் அணை அதுவும்தான்.

மணி அடித்துவிட்டார்கள். கான்ஃபிக் கோப்பைத் தேநீர் நேரத்தில் காட்டுகிறேன். அப்புறம், வாசல் மேசையில் ஒரு மடிக்கணினி இருக்கிறது. உங்கள் நிரலில் ஏதாவது ஓர் ஆப்ஷனுக்கு முழு வரி விளக்கம் எழுதிவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.