தேர்ந்தெடுக்கும் உரிமை மாகாணத்துக்கு வேண்டும், கட்டிப்போடும் உரிமை வேண்டாம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஆள் பற்றாக்குறை ஒரு நாடு முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. கனடாவின் பெருநகரமான டொராண்டோவில் ஒரு கிடங்கு வேலைக்குப் பலர் முட்டிமோதும் அதே காலத்தில், அந்நாட்டின் மனிடோபா மாகாணத்துச் சமவெளி ஊரொன்றில் ஆள் கிடைக்காமல் ஆலை திணறும். அப்படியிருக்க, வெளிநாட்டிலிருந்து குடியேற யாரை உள்ளே விடுவது என்பதைத் தலைநகரம் மட்டுமே தீர்மானிக்கலாமா? கனடா இதற்கு விடை தேடிய விதம் நாம் கருதிப் பார்க்கத்தக்கது. அந்நாட்டின் 1867ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு, குடிவரவை வேளாண்மையோடு சேர்த்து மத்திய அரசுக்கும் மாகாணங்களுக்கும் பொதுவான அதிகாரமாக வைத்தது. முரண்பாடு எழுந்தால் மத்தியச் சட்டமே மேலோங்கும். பிரெஞ்சு மொழியைக் காக்க விரும்பிய கியூபெக் மாகாணம், 1991ஆம் ஆண்டு உடன்பாட்டின் வழியாகத் தன் பொருளாதாரக் குடியேறிகளைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பெற்றது.

ஏனைய மாகாணங்களுக்கு வழி திறந்தது மனிடோபாதான். 1990களில் அங்கிருந்த ஆயத்த ஆடை ஆலைகளுக்குத் தையல் இயந்திரம் இயக்கத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டனர். குடியேற விண்ணப்பிப்பவர்களுக்குத் தலைநகர் ஒட்டாவாவின் மத்திய அரசு மதிப்பெண் போடும், பட்டப்படிப்பைப் பெரிதாக மதித்த புள்ளிமுறையில் அவர்கள் தேறுவது கடினமாக இருந்தது. 1998இல் மாகாணப் பரிந்துரைத் திட்டம் அங்கே உருப்பெற்றது. மாகாணம் ஆளைப் பரிந்துரைக்கும்; உடல்நலம், குற்றப் பின்னணி, பாதுகாப்பு ஆகியவற்றைச் சோதித்து நிரந்தர வசிப்புரிமை வழங்குவது மத்திய அரசின் பொறுப்பு. விண்ணப்பதாரர்களைப் புள்ளிகளால் வரிசைப்படுத்தும் இன்றைய எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற மத்திய அரசின் முறையில் மொத்தமுள்ள 1,200 புள்ளிகளில் 600 புள்ளிகளை ஒரு மாகாணப் பரிந்துரையே தந்துவிடுகிறது. பி.ஆர். எனப்படும் நிரந்தர வசிப்புரிமைக் கனவோடு அங்கே படிக்கச் செல்லும் நம் பிள்ளைகள் எந்த மாகாணம் எப்போது அழைக்கும் என்று கணக்குப் போடுவது இதனால்தான்.

இத்திட்டம் நன்றாக வேலை செய்த இடம் மனிடோபாவின் பிராண்டன் நகரம். 1999இல் அங்கே திறக்கப்பட்ட பன்றி இறைச்சி ஆலை, உள்ளூரில் ஆள் போதாமல் எல் சல்வடோர், சீனா, உக்ரைன், கொலம்பியா என்று பல நாடுகளிலிருந்து தொழிலாளர்களை அழைத்தது. அவர்கள் தற்காலிகப் பணி அனுமதியில் வந்தார்கள். ஆனால் சில மாதங்கள் வேலை செய்தபின் மாகாணம் அவர்களை நிரந்தர வசிப்புக்குப் பரிந்துரைத்தது. குடும்பங்கள் வந்தன, பள்ளிகளில் பல மொழிகள் பேசும் குழந்தைகள் சேர்ந்தார்கள்.

இதற்கு மாறானது ஒரே முதலாளியோடு பிணைக்கப்பட்ட பணி அனுமதி. வேலையை விட்டால் நாட்டில் தங்கும் உரிமையும் ஆட்டம் காணும் என்பதால், கூலி குறைந்தாலும் தொழிலாளி வாய் திறக்கமாட்டார். கனடாவின் தற்காலிக வெளிநாட்டுத் தொழிலாளர் திட்டம் இக்கால அடிமைமுறைகளுக்கு விளைநிலமாக இருக்கிறது என்று ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் தொமோயா ஒபொகாடா 2023இல் கடுமையாகவே சொன்னார்.

“பரிந்துரை பெற்றவர் மறுநாளே டொராண்டோவுக்கு ரயிலேறிவிட்டால் என்ன செய்வது?” என்று கேட்பவர்கள் உண்டு. நிரந்தர வசிப்புரிமை பெற்றவர் எந்த மாகாணத்திலும் வாழலாம், பிழைக்கலாம் என்று கனடாவின் உரிமைச் சாசனத்தின் 6ஆம் பிரிவு சொல்கிறது. அதைக் குறையாக நான் கருதவில்லை. பிரின்ஸ் எட்வர்ட் தீவு மாகாணம், அங்கேயே தங்குவதற்குப் பிணையாகத் தொழில்முனைவோரிடம் வைப்புத்தொகை வாங்கிப் பார்த்தது. பலர் அந்தப் பணமே போனாலும் போகட்டும் என்று இடம் பெயர்ந்தார்கள். 2018இல் வைப்புத்தொகை வாங்கிய அந்தத் திட்டப் பிரிவே மூடப்பட்டது. பணத்தைப் பிணையாக வாங்கி மனிதரை ஓர் ஊரில் நிறுத்திவிட முடியாது.

மாகாணங்களுக்கு இருக்கும் உண்மையான இடர் வேறு. ஆண்டுதோறும் எத்தனை பேரைப் பரிந்துரைக்கலாம் என்ற ஒதுக்கீடு ஒட்டாவாவின் கையில் இருக்கிறது. 2024இல் 1,10,000 ஆக இருந்த தேசிய இலக்கு, வீட்டு நெருக்கடியைக் காரணம் காட்டி, 2025க்கு 55,000 ஆகப் பாதியாக்கப்பட்டது. இப்படி ஏறி இறங்கும் எண்ணை நம்பி எந்த மருத்துவமனை செவிலியர் பணியிடங்களைத் திட்டமிடும்?

ஆனால் மாகாணங்களும் தம் கையிலுள்ள அதிகாரத்தை முழுமையாகப் பயன்படுத்துவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். செவிலியருக்கும் மருத்துவருக்கும் மின்பணியாளருக்கும் உரிமம் தருபவை மாகாண அளவிலான அமைப்புகளே. ஒரு கையால் அழைத்துவிட்டு, மறு கையால் உரிமத்துக்காக ஆண்டுக்கணக்கில் காக்க வைப்பது என்ன நியாயம்? நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் செவிலியர் ஒழுங்குமுறை அமைப்பு 2023இல் இந்தியா, பிலிப்பைன்ஸ், நைஜீரியா உள்ளிட்ட 7 நாடுகளில் பதிவுபெற்ற செவிலியருக்கு விரைவுப் பாதையைத் திறந்தது. அதற்கு ஒட்டாவாவின் அனுமதி தேவைப்படவில்லை.