அண்ணன் நியூயார்க் போனார், எனக்கு 480 ரூபாய் செலவு

வணக்கம் மக்களே, பாம்பன் தெற்குவாடியிலிருந்து பேசுகிறேன். போன வாரம் வீடியோ எங்கே என்று திட்டினீர்களே, காரணம் இதோ, இந்தக் குளோப். 480 ரூபாய்! எட்டு அங்குல பிளாஸ்டிக் உருண்டைக்கு! ராமநாதபுரத்தில் கடைக்காரர் 520 சொன்னார். அரை மணி நேரம் மல்லுக்கட்டி 40 ரூபாய் குறைத்தேன். பஸ்ஸுக்கும் வடைக்கும் அது சரியாகப் போய்விட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். சிங்கப்பூர் அண்ணன் கம்பெனி வேலையாக நியூயார்க் போனார். எங்கும் நிற்காத ஒரே விமானம். எத்தனை மணி நேரமாகும் என்று அம்மா கேட்டார். தூரக் கணக்குப் போடும் ஒரு இணையதளத்தில் தட்டினேன். 15,300 கிலோமீட்டர் சொச்சம், 17 மணி நேரம். மேதாவி மாதிரி அதையே சொல்லிவைத்தேன். 17 மணி தாண்டியும் போன் வரவில்லை. அம்மா மாதா படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார். விமானம் இறங்கியது பதினெட்டே முக்கால் மணி நேரத்தில். அதுவரை நான் வாங்கிய வசவு இருக்கிறதே!

அந்தக் கடுப்பில் வாங்கியதுதான் குளோப். இரண்டு ஊருக்கும் நடுவே தங்கூஸ் நரம்பை, அதாவது தூண்டில் போடும் நைலான் நூலை, இழுத்துப் பிடித்தால், அது நேரே வடதுருவத்துக்கு ஏறுகிறது! அங்கே இருக்கிற திருகாணியில் பட்டு வழுக்கி வழுக்கி ஓடுகிறது. பத்து தடவை பார்த்துவிட்டு, திருகாணியையே கழற்றிவிட்டேன். 24 சென்டிமீட்டர். இந்தக் குளோபில் ஒரு சென்டிமீட்டர் என்பது ஏறக்குறைய 640 கிலோமீட்டர். ஆக, தூரம் சரிதான். பொய் நேரத்தில்தான்.

அட, முக்கியமானதை விட்டுவிட்டேன். அண்ணன் சீட்டுக்கு முன்னால் இருந்த திரையைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். விமானம் துருவத்துப் பக்கமே போகவில்லை. ஜப்பான் பக்கம் ஏறி, பசிபிக்கைத் தாண்டி, சுற்றுவழியில் போயிருக்கிறது. பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் காற்று அடிக்கிறது, சில சமயம் மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேல். நம்ம ஊர் மேல்காற்றான கச்சானுக்குப் பெரியண்ணன். காற்றோடு போகிற வள்ளம் கொஞ்சம் சுற்றினாலும் டீசல் மிச்சம், இது இங்கே சின்னப் பையனுக்கும் தெரியும். அந்தத் தளத்துக்குக் காற்றும் தெரியாது, சுற்றும் தெரியாது. மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம் என்று வைத்து, தூரத்தை 900ஆல் வகுத்துவிட்டுக் கையைக் கழுவிவிட்டது. இப்படிப்பட்ட கணக்கைக் கண்டாலே எனக்கு ஆகாது.

இதில் இன்னொரு கூத்து. ஏறியது சிங்கப்பூரில் நள்ளிரவு 12, இறங்கியது நியூயார்க்கில் அதே தேதி காலை ஆறே முக்கால். இரண்டு ஊருக்கும் அப்போது 12 மணி நேர வித்தியாசம். “ஆறே முக்கால் மணி நேரம்தானேடா, நாம ராமேஸ்வரத்துல ஏறுனா மெட்ராஸுக்கே விடிஞ்சிடுதே” என்கிறார் அம்மா. விளக்கிப் பார்த்தேன், எடுபடவில்லை.

திரும்பும்போதும் மறுபடி கிழக்கே பறந்து, அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக வருகிற நாள்கள் உண்டாம். அப்படி வந்தால் அண்ணன் உலகத்தையே ஒரு சுற்று சுற்றிவிடுவார். அதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நேரம் மட்டும் 20 மணி என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

கழற்றிய திருகாணியைத்தான் காணோம். இந்தா பாருங்கள், உலகம் மேசையிலிருந்து உருள்கிறது... பிடி, பிடி!