மூணு தடவை மருந்து அடிச்சும் பருத்திக் காய்ல புழு இருக்கே? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்து ஒரு ஐயா கேட்டிருக்காரு: "பி.டி. பருத்திதான் போட்டிருக்கேன். மூணு தடவை மருந்து அடிச்சாச்சு. காயை உடைச்சா உள்ள ரோஸ் கலர்ல புழு இருக்கு. இன்னும் வீரியமா எதை அடிக்கலாம்?"

ஐயா, அது இளஞ்சிவப்புக் காய்ப்புழு. இந்தியாவுல 2002ல வந்த, காய்ப்புழுவைக் கொல்ற பாக்டீரியா ஜீன் சேத்த பி.டி. ரகத்தையும், 2006ல வந்த, அந்த மாதிரி ரெண்டு ஜீன் சேத்த ரகத்தையும் தாங்கிப் பழகிடுச்சு. முட்டை பொரிஞ்ச கொஞ்ச நேரத்துலயே பூவுக்குள்ளயோ காய்க்குள்ளயோ பூந்துடும். அது போன ஓட்டையும் தூர்ந்துடும். அப்புறம் நீங்க மேல எதை அடிச்சாலும் காய்த்தோல்லதான் படும், புழு மேல படாது. அதனால மருந்தை மாத்துறதை விட, அடிக்கிற நேரத்தை மாத்தணும்.

பூ சரியா விரியாம, இதழ் ஒட்டிக்கிட்டு ரோஜா மொட்டு மாதிரி நின்னா உள்ள புழு இருக்கு. பறிச்சு அழிச்சிடுங்க. பூக்கிறதுக்கு முன்னாடியே இந்தப் புழுவோட ஆண் அந்துப்பூச்சியை வாசனை காட்டிப் பிடிக்கிற இனக்கவர்ச்சிப் பொறியை ஏக்கருக்கு 5 வைங்க. ஒரு பொறியில ராத்திரிக்கு 8 அந்து வீதம் தொடர்ந்து மூணு நாள் விழுந்தா, அப்ப வயல்ல இறங்கிப் பாருங்க. அங்கங்க 20 பச்சைக் காய் பறிச்சு வெட்டிப் பாருங்க. வெளியே அழகா இருக்கிற காயையும் வெட்டணும், அதுலதான் ஏமாந்து போறோம். ரெண்டு காய்ல உயிரோட புழு இருந்தா மருந்து தேவை. இல்லேன்னா தயவுசெஞ்சு தெளிப்பானைத் தொடாதீங்க.

ஆரம்பத்துல சாறு உறிஞ்சுற அசுவினி, தத்துப்பூச்சியைப் பாத்துப் பதறி கடுமையா அடிச்சா, பூச்சியைத் தின்னுற பொறிவண்டு செத்துடும். பைரித்திராய்டு மருந்தை முன்கூட்டியே அடிச்சா வெள்ளை ஈ பெருகிடும், அப்புறம் அதுக்குத் தனியா அடிக்கணும். அந்த ஆரம்பக் கட்டத்துக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் போதும். 5 கிலோ வேப்பம் பருப்பை இடிச்சு ராத்திரி ஊறவெச்சு, வடிகட்டி 100 லிட்டராக்கி, கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலமா அடிங்க.

இன்னொண்ணு, இதை நான் கெஞ்சியே கேட்டுக்கிறேன். கடைசி எடுப்பு முடிஞ்சதும் "இன்னும் நாலு காய் வரும்"னு தண்ணி கட்டாதீங்க. அந்த நாலு காய்லயும், ஒட்டிக்கிட்டு இருக்கிற ரெட்டை விதையிலயும்தான் புழு அடுத்த வருஷம் வரைக்கும் தூங்கும். பருத்தி மாரை, அதாவது எடுப்பு முடிஞ்ச செடியை, பிடுங்கி அப்பவே தூளாக்கிடுங்க, வரப்புல அடுக்கி வைக்காதீங்க.

நாளைக்குக் காலையில அந்த 20 காயை வெட்டிப் பாருங்க ஐயா. எத்தனைல புழுன்னு எழுதுங்க, அதை வெச்சு அடுத்ததைப் பேசுவோம்.